நாலு வயசுப் பையன், ஜேசிபி பயம்: ஃப்ராய்டு சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கரிசல்செல்வி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிச்சிட்டுப் போறதோட சரி, இப்பதான் எழுதுதேன்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளுக்குப் படிச்சிட்டிருக்கேன். குழந்தை மேம்பாட்டுப் பகுதியில 30 கேள்வி வரும். பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் எல்லாரும் எப்படியோ மண்டையில ஏறிட்டாங்க. மனசைப் பத்தி எழுதின வியன்னா டாக்டர் ஃப்ராய்டுகிட்ட வந்ததும் நின்னுபோச்சு. பாடம் கஷ்டம்னு இல்ல. வாசிக்க வாசிக்க எங்க வீட்டுப் பையனைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு.

அவனுக்கு நாலு வயசு முடிஞ்சிட்டு. கீழ ஒரு பொம்பளப்பிள்ளை, ஏழு மாசம். அவங்க அப்பாவுக்குத் திருப்பூர்ல வேலை. ஒண்ணுவிட்ட ஒரு வாரம் சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கக்கிழமை விடியக்காலம் பஸ் ஏறிருவாங்க. அவங்க வந்தாப் போதும், "நீ திண்ணையில போய்ப் படு, இது என் எடம்"னு ஒரே சண்டை. போன தடவை எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "நான் வளந்ததும் அம்மாவக் கட்டிக்கிடுவேன், அப்பா ஆச்சியக் கட்டிக்கட்டும்"னு சொல்லிட்டான். ஆச்சிக்குச் சிரிச்சுச் சிரிச்சு புரையேறிட்டு. அவங்க அப்பாவும் சிரிச்சாங்க, ஆனா முகம் ஒரு மாதிரி ஆயிட்டு.

இது ஒருபக்கம். இன்னொண்ணு, ஜேசிபி. எங்க தெருவுல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினாங்க. அதுலேருந்து வாசப்படி தாண்ட மாட்டேங்கான். "அதுக்குப் பல்லு இருக்கு, கடிச்சிரும்"னு சொல்லுதான். வண்டி போய் தார் போட்டு ரோடே சரியாயிட்டு, பயம் மட்டும் போகல. அங்கன்வாடிக்கு இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுப் பின்பக்கச் சந்து வழியாத்தான் கொண்டுபோறேன். மஞ்சக் கலர்ல எது வந்தாலும் என் கழுத்தைக் கட்டிக்கிடுதான்.

கைடுல என்ன போட்டிருக்குன்னா: 3 முதல் 6 வயது வரை பாலுறுப்பு நிலை, ஈடிபஸ் சிக்கல் தோன்றும், தாயின் மேல் பற்று, தந்தையின் மேல் பகை, இந்த நிலையில் தேக்கம் ஏற்பட்டால் ஆளுமை பாதிக்கும். எங்க நாத்தனார் பி.எட். முடிச்சவங்க. அவங்க கணக்கு வேற: "ஒரு வயசுலயே கக்கூஸ் பழக்கிட்டீங்க, அதான் இவ்ளோ பிடிவாதம், இது ஆசனவாய் நிலை. பழைய சேலைத் துண்டைக் கடிச்சுக்கிட்டே தூங்குதான்ல, அது வாய் நிலை." ஒரே பையனுக்கு மூணு தேக்கம்!

இதெல்லாம் நெசமா? நான் பயப்படணுமா? பரீட்சைக்கு என்ன எழுதணும்னும் சொல்லுங்க.

தென்காசி_டெட்:

பரீட்சைக்கு மட்டும் சொல்றேன். இட் என்றால் இன்பக் கொள்கை, ஈகோ என்றால் எதார்த்தக் கொள்கை, சூப்பர் ஈகோ என்றால் மனசாட்சி. ஐந்து நிலைகளின் வரிசை: வாய், ஆசனவாய், பாலுறுப்பு, மறைநிலை, பிறப்புறுப்பு. வரிசையை மாற்றிப்போட்டுத்தான் ஏமாற்றுவார்கள். எரிக்சனோடு குழப்பிவிடாதீர்கள். அவருக்கு எட்டு நிலை, வாழ்நாள் முழுக்கப் போகும். 3-6 வயதுக்கு அவர் சொல்வது தன்முனைப்பும் குற்றவுணர்வும். வீட்டு விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, கல்யாணமே ஆகவில்லை.

ராஜம் சிஸ்டர்:

செல்வி, முதலில் அந்தக் கைடை மூடி வை. நான் குழந்தைகள் வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நடுவில் மனநல நர்சிங் டிப்ளமோ படிக்கும்போது ஃப்ராய்டுப் பைத்தியம் பிடித்தது, இன்னும் விடவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் பையன் சொன்னதை 1908-லேயே இன்னொரு பையன் வியன்னாவில் சொல்லியிருக்கிறான். "நான் அம்மாவைக் கட்டிக்கொள்கிறேன், அப்பா தாத்தாவாகி அவருடைய அம்மாவைக் கட்டிக்கொள்ளட்டும்" என்று, யாருக்கும் நஷ்டமில்லாமல் பங்கு பிரித்துக் கொடுத்தான். ஃப்ராய்டு அவனுக்கு வைத்த பெயர் குட்டி ஹான்ஸ். உண்மைப் பெயர் ஹெர்பர்ட் கிராஃப். உன் கைடில் இருக்கிற ஈடிபஸ் பத்திக்குச் சின்னப்பிள்ளையிடமிருந்தே கிடைத்த சாட்சி என்று ஃப்ராய்டு காட்டியது இவனைத்தான். அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். சோபாவில் படுத்துக்கொண்டு சின்ன வயதை நினைத்துச் சொன்னவர்கள். அதைக் கேட்டுக்கேட்டுக் குழந்தைப் பருவத்தை அவர் பின்னோக்கிக் கட்டினார். பாலுணர்வு வளர்ச்சி பற்றிய கட்டுரைகள் 1905-ல் வந்தன. இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மனதை மூன்றாகப் பிரித்தது 1923-ல்தான். கைடில் எல்லாம் ஒரே நாளில் எழுதின மாதிரி ஒரே பக்கத்தில் இருக்கும்.

ஹான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பிறந்தது 1903. அப்பா மாக்ஸ் கிராஃப், இசை விமர்சகர், ஃப்ராய்டு வீட்டில் புதன்கிழமைகளில் கூடிப் பேசுகிற கூட்டத்தில் ஒருவர். அம்மா முன்பே ஃப்ராய்டிடம் சிகிச்சைக்குப் போனவர். பையனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஃப்ராய்டு ஓர் ஆடுகுதிரை வாங்கி, தானே நாலு மாடி சுமந்து ஏறிக் கொடுத்தார் என்று அப்பா பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தப் பையனுக்குத்தான் ஐந்து வயதை நெருங்கும்போது குதிரைப் பயம் வந்தது! தெருவில் இறங்க மாட்டான். குதிரை கடித்துவிடும் என்பான். அந்தக் காலத்து வியன்னா முழுக்கக் குதிரைவண்டி. அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே சுங்கக் கிடங்கு, பாரம் ஏற்றின வண்டிகள் உள்ளே போவதும் வருவதுமாக இருக்கும். உன் தெரு ஜேசிபிக்கு என்ன குறைச்சல்?

அப்பா, பையன் பேசுகிற ஒவ்வொன்றையும் எழுதி ஃப்ராய்டுக்கு அனுப்பினார். ஃப்ராய்டு அதை வாசித்து இப்படிக் கேள், அப்படிக் கேள் என்று சொன்னார். இந்த வைத்தியத்தில் ஃப்ராய்டு பையனை நேரில் வைத்துப் பேசியது ஒரே ஒரு தடவை, 1908 மார்ச் 30. குதிரை வாயைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது, கண் பக்கத்தில் ஏதோ மாட்டியிருக்கிறது, அதுதான் பயம் என்று பையன் சொல்லியிருந்தான். உன் குதிரை மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறதா என்று ஃப்ராய்டு விளையாட்டாகக் கேட்டார். அப்பாவுக்கு மீசையும் உண்டு, கண்ணாடியும் உண்டு. முடிந்தது கதை: குதிரைதான் அப்பா. அம்மா மேல் உனக்குக் கொள்ளை ஆசை, அதனால் அப்பா கோபிப்பார் என்று பயப்படுகிறாய், நீ பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இப்படி ஒரு ஹான்ஸ் வருவான் என்று எனக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளையிடமே சொன்னார். திரும்பி வரும் வழியில் பையன் அப்பாவிடம் கேட்டான்: "இதையெல்லாம் முன்னாடியே சொல்லுகிறாரே, பேராசிரியர் சாமியோடு பேசுவாரோ?"

அந்தக் கேள்விதான் அந்த வழக்கிலேயே எனக்குப் பிடித்த இடம்.

இதே குறிப்பில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது பார். பஸ் இழுத்த குதிரை ஒன்று தெருவில் விழுந்து காலை உதறினதை அம்மாவோடு போகும்போது பையன் நேரில் பார்த்திருக்கிறான். "அப்போதுதான் இந்தக் கிறுக்கு பிடித்தது" என்று அவன் வாயாலேயே சொன்னான். கோடையில் தங்கின ஊரில், வெள்ளைக் குதிரையிடம் விரலை நீட்டாதே, கடித்துவிடும் என்று ஒரு அப்பா தன் மகளிடம் சொன்னது இவன் காதில் விழுந்திருக்கிறது. பயம் வருவதற்குச் சுமார் ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் தங்கை பிறந்தாள். குறும்பு செய்தால் டாக்டரைக் கூப்பிட்டு ஒன்றுக்குப் போகிற உறுப்பை அறுத்துவிடச் சொல்வேன் என்று அம்மா ஒருமுறை மிரட்டியிருந்தார். இதை மட்டும் ஃப்ராய்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் இன்னொரு மிரட்டலும் அதே ஏட்டில் இருக்கிறது. நீங்கள் வெளியே போனால் திரும்பி வரமாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது என்று பையன் ஒருநாள் காலையில் அப்பாவிடம் சொன்னான். நான் அப்படி எப்போதாவது சொன்னேனா என்று அவர் கேட்டார். "நீங்க இல்லை, அம்மா. திரும்பி வரமாட்டேன்னு அம்மா சொன்னா."

இது அச்சில் கிடந்தது. அறுபது வருஷத்துக்குப் பிறகு ஜான் பௌல்பி என்கிற இங்கிலாந்து மனநல மருத்துவர் எடுத்துக் காட்டினார். அவரும் மனப்பகுப்பாய்வில், அதாவது ஃப்ராய்டு தொடங்கின சிகிச்சை முறையில், பயிற்சி பெற்றவர்தான். குதிரையைவிட, அம்மா போய்விடுவாளோ என்கிற பயம்தான் முந்தியது என்று 1973-ல் எழுதினார். அதற்கும் முன்னால், 1960-ல், மனநல ஆய்வாளர்கள் வோல்ப்பியும் ராக்மனும் குதிரை விழுந்ததே போதாதா, இதில் ஈடிபஸ் எதற்கு என்று கேட்டுவிட்டார்கள்.

பையன் என்ன ஆனான் என்று கேட்பாய். 1922-ல் 19 வயது இளைஞனாக ஃப்ராய்டைத் தேடி வந்து நான்தான் குட்டி ஹான்ஸ் என்றான். நன்றாக இருந்தான். அப்பா அம்மா பிரிந்து ஆளுக்கொரு கல்யாணம் செய்துகொண்டதையும் தாங்கிவிட்டான். தன் வழக்கை வாசித்தபோது யாரோ பற்றி வாசிப்பது போல் இருந்ததாம், ஒன்றுமே நினைவில்லை. பிற்பாடு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் பெரிய மேடை இயக்குநர்.

நாத்தனாரிடம் சொல்: ஒழுங்கு, கஞ்சத்தனம், பிடிவாதம் மூன்றும் ஆசனவாய்க் குணம் என்று 1908-ல் ஃப்ராய்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அந்தக் குணங்கள் சிலரிடம் சேர்ந்து இருக்கலாம். ஆனால் கக்கூஸ் பழக்கின வயதோடு அதை முடிச்சுப் போடத் தேடினவர்களுக்கு நம்பும்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது எனக்கு நீ பதில் சொல்லு. ஜேசிபி வந்த சமயத்தில் வீட்டில் வேறு என்ன நடந்தது? யாராவது அவனை ஏதாவது சொல்லி மிரட்டினார்களா? நீ எங்கேயாவது போயிருந்தாயா?

மலைக்கோட்டை வாசகன்:

சிஸ்டர் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், இவ்வளவு ஓட்டை இருக்கிற சரக்கை ஏன் இன்னும் ஆசிரியர் தேர்வில் வைத்துக் கேட்கிறார்கள்? சோதிடத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் இளவயதில் வியன்னாவில் மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லரோடு வேலை செய்தவர். 1919-ல் ஒரு குழந்தையைப் பற்றி அட்லரிடம் சொன்னார். அட்லர் அந்தக் குழந்தையைப் பார்த்ததுகூட இல்லை, உடனே தாழ்வு மனப்பான்மைக் கோட்பாட்டை வைத்து விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றால், ஆயிரம் அனுபவம் இருக்கிறதே என்றாராம். "இப்போது ஆயிரத்து ஒன்றாகிவிட்டதாக்கும்" என்றார் பாப்பர். அட்லர் ஃப்ராய்டிடமிருந்து பிரிந்து வந்தவர்தான், ஆனால் இந்தப் புத்தி இரண்டு பேருக்கும் பொது. பையன் அப்பாவோடு சண்டை போட்டால் ஈடிபஸ், போடாவிட்டால் அடக்கி வைக்கப்பட்ட ஈடிபஸ். தப்பிக்கவே வழி கிடையாது.

இன்னொன்று. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நியூ கினி பக்கத்து டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்துவிட்டு 1927-ல் எழுதினார். அங்கே தாய்வழிச் சமூகம். பையனை அதட்டி உருட்டுகிற அதிகாரம் தாய்மாமனுக்கு, அப்பா வெறும் விளையாட்டுத் தோழன். பையனுக்குப் பகையும் மாமன் மேல்தான். அம்மாவோடு படுக்கிறவர் அப்பாதான் என்றாலும் அவர் மேல் ஒன்றுமில்லை. அப்படியென்றால் பிரச்சினை யார் அடிக்கிறார்கள் என்பதா, யார் அம்மா பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதா? நம் வீடுகளில் இது இன்னொரு விதமாகத் தலைகீழ். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம், தோடும் அவர்தான் வாங்கிவர வேண்டும், செல்லம் கொடுப்பதும் அவர். வியன்னாவில் அப்பா, அம்மா, பிள்ளை, வேலைக்காரி என்று ஒரு மாடிவீட்டில் இருந்தவர்களைப் பார்த்து எழுதினதை, ஆச்சி, அத்தை, சித்தி என்று பத்துப் பேர் இருக்கிற வீட்டுக்கு அப்படியே எடுத்து ஒட்டுவது என்ன நியாயம்?

செல்வி அவர்களே, உங்கள் பையன் நன்றாகத்தான் இருக்கிறான்.

கரிசல்செல்வி:

சிஸ்டர், நீங்க கேட்டதும்தான் உக்காந்து யோசிச்சேன்.

பாப்பாவுக்குச் சளி கட்டி மூச்சு இரைச்சு, திருநெல்வேலியில ஆஸ்பத்திரியில சேத்து ஒரு வாரத்துக்கு மேல இருந்தோம். ராத்திரி திடீர்னு ஆட்டோ பிடிச்சுப் போனது. இவன் நல்லாத் தூங்கிட்டு இருந்தான். எழுப்பினா அழுவான்னு அப்படியே ஆச்சிகிட்ட விட்டுட்டுப் போயிட்டோம். ஆஸ்பத்திரியில பிள்ளைகளை உள்ள விடமாட்டாங்கன்னு கடைசிவரைக்கும் கூட்டிட்டு வரல. தெருவுல தோண்டினது அந்த வாரந்தான்.

ஆனா ஆச்சி என்ன சொன்னாங்கன்னா, அவன் அழவே இல்லையாம். தங்கமா இருந்தானாம். ரெண்டு நாள் மட்டும் சோறு இறங்கலையாம், பிறகு நல்லா விளையாடினானாம். நான் வந்து இறங்கினப்போதான் எனக்கு மனசு கேக்கல. ஓடி வருவான்னு பாத்தேன், ஆச்சி சேலைக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டான். பக்கத்து வீட்டு ஆளைப் பாக்குற மாதிரி பாத்தான். அதுக்கு அப்புறந்தான் இந்த ஒட்டலும், ஜேசிபியும், அப்பாவோட சண்டையும். அதுக்கு முன்னாடி அவங்க அப்பா வந்தா தோள்லேருந்து இறங்கவே மாட்டான்.

யாரும் மிரட்டினதாத் தெரியல. தெருவுல பிள்ளைகள் என்ன பேசிச்சோ தெரியாது.

ராஜம் சிஸ்டர்:

"அழவே இல்லை, தங்கமாக இருந்தான்." செல்வி மக்களே, இந்த ஒரு வரியைத்தான் ஒரு காலத்தில் இங்கிலாந்து வார்டுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மலைக்கோட்டைத் தம்பி கேட்டதற்கும் சேர்த்தே சொல்கிறேன். தம்பி, பாப்பர் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சோதிடர்கள் யாரும் கட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளை என்ன செய்கிறது என்று மணிக்கணக்காகப் பார்த்து அட்டையில் எழுதினதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஃப்ராய்டின் கடைசி மகள் அன்னா ஃப்ராய்டு அதைச் செய்தார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அப்பாவோடு லண்டனுக்கு வந்தார். குண்டு விழுந்துகொண்டிருந்த 1941-ல், தோழி டோரதி பர்லிங்ஹாமோடு சேர்ந்து ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் திறந்தார். அப்பா போருக்குப் போயிருப்பார், அம்மா ஆலை வேலைக்கு. வீடு இடிந்திருக்கும்.

அங்கே ஒரு சட்டம். டாக்டரோ சமையல்காரரோ, பிள்ளை செய்வதில் எது கண்ணில் பட்டாலும் அட்டையில் எழுதிப் போட வேண்டும். பாய்லர் பார்த்த ஆளும் எழுதினார். அவர் ஜேம்ஸ் ராபர்ட்சன், கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, 14 வயதில் படிப்பை விட்டவர், துப்பாக்கி எடுக்கமாட்டேன் என்று போருக்குப் போக மறுத்தவர்.

அந்தக் காப்பகத்துப் பிள்ளைகளில் பேட்ரிக் என்று ஒருவன். வயது மூன்றும் சொச்சமும். அழாமல் சமர்த்தாக இரு, அழுதால் பார்க்க வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் அழவில்லை. எதிரில் வருகிற எல்லாரிடமும் தலையை ஆட்டி ஆட்டி, "அம்மா வருவா, எனக்குக் கோட்டு மாட்டிவிடுவா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாராவது ஆமாம் என்றால் சந்தோஷம். நாள் போகப் போகப் பட்டியல் நீண்டது: கோட்டு, காலுறை, ஜிப்பை இழுத்துவிடுவாள், கூம்புத் தொப்பி போட்டுவிடுவாள். இதையே சொல்லிக்கொண்டிருக்கிறானே என்று யாரோ நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டான். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது மூலையில் போய் நின்று, வாய் மட்டும் அசைய, கையால் தொப்பி போடுகிற மாதிரியும் ஜிப் இழுக்கிற மாதிரியும் செய்துகொண்டிருந்தான். இதை வாசித்துவிட்டு அன்றைக்கு நைட் டூட்டிக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதே காப்பகத்தில் முதலில் எந்தப் பிள்ளையை எந்த நர்சு பார்ப்பது என்று கணக்கில்லை, ஷிப்டு முறை. பிறகு ஒரு நர்சுக்கு நாலைந்து பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள். சில நாளிலேயே வீடு ரகளை ஆகிவிட்டது. என் நர்சு, உன் நர்சு என்று கடி, அடி, பொறாமை, அவள் அறையை விட்டுப் போனால் ஒப்பாரி. கூடவே இன்னொன்றும் நடந்தது. வராமல் இருந்த பேச்சு வந்தது, கக்கூஸ் பழக்கமும் தானாக வந்தது. சத்தமில்லாத வார்டைப் பார்த்து மேட்ரன் பூரித்துப் போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ராபர்ட்சன் போர் முடிந்ததும் பௌல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோரை வாரத்துக்கு ஒருமுறை விட்டால் பெரிய விஷயம். அவர் பார்த்தது மூன்று கட்டம். முதலில் கத்தி ஆர்ப்பாட்டம். அடுத்து சோர்ந்து சுருண்டு கிடப்பது. மூன்றாவதில் பிள்ளை சிரிக்கும், சாப்பிடும், யார் தூக்கினாலும் போகும், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வார்டு இதற்கு வைத்த பெயர் "பழகிவிட்டது". யாரும் நம்பாததால் 1952-ல் லாரா என்கிற இரண்டரை வயதுக்கு உட்பட்ட பெண்ணை, தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது படமெடுத்தார். டாக்டர்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது கோபத்தில் குதித்தார்கள். தம்பிக்கு ஒரு தீனி தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்: மெலனி கிளைன் வழிவந்த மனப்பகுப்பாய்வாளர்கள் தரப்பிலிருந்து, அம்மா கர்ப்பமாக இருப்பதுதான் லாராவின் துயரத்துக்குக் காரணம் என்று விளக்கம் வந்தது. பிள்ளை கண்ணெதிரே அம்மாவைக் கேட்டு விம்முகிறாள், இவர்களுக்குக் கர்ப்பம்தான் தெரிகிறது. அன்னா ஃப்ராய்டு ராபர்ட்சன் பக்கம் நின்றார். 1959-ல் இங்கிலாந்து அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரை செய்தது.

நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் குழந்தை வார்டில் அம்மா கட்டிலுக்கு அடியிலேயே பாயை விரித்துப் படுத்திருப்பாள், பக்கத்துக் கட்டில்காரியோடு ரசம் பங்கு போட்டுக்கொள்வாள். ரவுண்ட்ஸ் வரும்போது அவர்களை விரட்டுவதே எங்களுக்குப் பெரிய வேலை. இங்கிலாந்தில் கமிட்டி போட்டுக் கொண்டுவந்ததை இங்கே யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தோம். ஆனால் வீட்டில் விட்டு வருகிற மூத்த பிள்ளையைப் பற்றி நாங்களும் ஒருநாளும் விசாரித்ததில்லை. கேஸ் ஷீட்டில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

இனி உன் பையன். ஜேசிபிதான் அம்மாவை அள்ளிக்கொண்டு போனது என்று அவன் நினைத்தான், அதனால்தான் பயம் என்று நான் அடித்துச் சொன்னால், ஃப்ராய்டு செய்ததையே நானும் செய்கிறேன் என்று அர்த்தம். எனக்குத் தெரியாது. அவனிடம் கேள். "பயப்படாதே" என்று சொல்லாமல், "அந்த வண்டி வந்தப்போ அம்மா எங்க இருந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. ராத்திரி தூங்கும்போது விட்டுவிட்டுப் போன கதையை நீயே சொல்லு. பாப்பாவுக்கு மூச்சு விட முடியல, ஆட்டோ வந்தது, நீ தூங்கினே, அம்மா உனக்கு முத்தம் கொடுத்துட்டுப் போனேன், அப்புறம் திரும்பி வந்தேன். திரும்பத் திரும்பக் கேட்பான், சலிக்காமல் சொல். மண் அள்ளுகிற பொம்மை வண்டி கிடைத்தால் கொடு, அவனே அள்ளிக் கொட்டட்டும். அப்பாவிடம், பையன் திண்ணைக்கு விரட்டினால் அதைக் கேலி செய்யவும் வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்று சொல். வந்து வந்து போகிறவர் யாராக இருந்தாலும் இப்போது அவனுக்குச் சந்தேகம்தான்.

சேலைத் துண்டைப் பிடுங்காதே. லண்டனில் டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு குழந்தை மருத்துவர், அவரும் மனப்பகுப்பாய்வாளர். இப்படி ஒரு துணியையோ பொம்மையையோ பிள்ளை வைத்துக்கொள்வது அம்மாவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் போட்டுக்கொள்கிற பாலம், அது தானாக உதிர்ந்துபோகும் என்று எழுதினார். நாற்றமடித்தாலும் அவசரப்பட்டுத் துவைக்காதே.

பாப்பாவை அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோகும்போது முந்தின நாளே இவனிடம் சொல்லு, முடிந்தால் கூடவே கூட்டிப்போ. இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் பயம் குறையாமல், தூக்கம் சாப்பாடு கெட்டால் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் காட்டு. அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு அடித்தாலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

மலைக்கோட்டை வாசகன்:

சிஸ்டர், லாரா விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்னதில் நல்லதெல்லாம் ஃப்ராய்டை விட்டு விலகின இடத்தில்தான் நடந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ராஜம் சிஸ்டர்:

விலகினவர்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசல் வழியாகத்தானே வெளியே போனார்கள் தம்பி. ஐந்து வயதுப் பிள்ளையின் பயத்தை, கத்தாதே என்று அதட்டாமல், வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்து, இதற்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று 1908-ல் உட்கார்ந்தார்களே, அதற்காகவே அந்த அப்பாவுக்கும் ஃப்ராய்டுக்கும் ஒரு கும்பிடு. அவர்கள் எழுதி வைத்ததால்தான் பௌல்பி பிற்பாடு மாற்றி வாசிக்க முடிந்தது. அர்த்தம் சொன்ன விதத்தில்தான் எனக்குத் தகராறு.

கரிசல்செல்வி:

நேத்து ராத்திரி கேட்டேன் சிஸ்டர். "அம்மா எங்க இருந்தேன்?"னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் பேசல. பிறகு, "குழிக்குள்ள"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. ஆட்டோ கதையச் சொன்னேன். ஆட்டோ என்ன கலர்னு மட்டும் கேட்டான்.

அவங்க அப்பாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். பரீட்சைக்குக் கைடுல இருக்கிறதையே எழுதிக்கிடுதேன்.

தென்காசி_டெட்:

அதுதான் புத்திசாலித்தனம். விடைக்குறிப்பில் பௌல்பியெல்லாம் வரமாட்டார். சிஸ்டர், நான் முதலில் எரிக்சன் பெயரைச் சொன்னேனே, அவருக்கும் இந்த அன்னா ஃப்ராய்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? கேள்வியாக வந்தாலும் வரும்.

ராஜம் சிஸ்டர்:

உண்டு. எரிக் எரிக்சன் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஆள். 1927-ல் வியன்னாவில் அன்னாவும் டோரதியும் சேர்ந்து நடத்தின சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு வந்தார். அன்னாவிடமே மனப்பகுப்பாய்வும் செய்துகொண்டார், பயிற்சியும் பெற்றார். கையில் இருந்தது ஒரு மாண்டிசோரி டிப்ளமோவும் அந்தப் பயிற்சியும்தான், பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். உங்கள் டெட்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளுபடி செய்திருப்பார்கள்.